தேரையைத் தொடாத மாதம்

எல்லாரும் ‘பம்பரம்’ என்று கூப்பிட்ட அந்த மனிதர், டாக்டர் குறித்துக்கொடுத்த தேதியைக்கூட மதிக்காமல் முந்திக்கொண்டு பிறந்தவர். வளர்ந்த பிறகும் அடுப்பில் இருக்கும் பாத்திரத்தை ஓயாமல் திறந்து பார்த்து, வீட்டில் எதையும் வேகவிட்டதில்லை. இப்பேர்ப்பட்டவரைத்தான், அசையாமல் உட்காருவதில் மகா கெட்டிக்காரர்களான தேரைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆராய்ச்சிக்கூடம் வேலைக்கு வைத்தது.

தேரையின் கண்ணுக்குப் பின்னால் இரண்டு மேடுகள் உண்டு. கையுறை போட்டுக்கொண்டு மெல்ல அழுத்தினால் பால் போல விஷம் இறங்கும். தேரையைக் கவ்விய நாய்க்கு வாயில் நுரை தள்ளும். இதயம் தாளம் தப்பும். தேரைக்கோ ஒன்றும் ஆகாது. அதன் உடம்பில் விஷம் போய் ஒட்டவேண்டிய இடமே கொஞ்சம் வேறு வடிவம். சாவி நுழையாத பூட்டு மாதிரி. இந்தச் சூட்சுமம் பிடிபட்டால் இதய மருந்துகளை இன்னும் பத்திரமாகச் செய்யலாமே என்று அங்கிருந்த டாக்டரம்மாவுக்கு ஆசை.

ஆனால் அன்று டாக்டரம்மா எந்தத் தேரையை அழுத்தியும் ஒரு சொட்டு வரவில்லை.

“அண்ணே, அடுத்த மாசமும் இப்படின்னா இதுங்களை வேற எங்கயாவது அனுப்பிடுவாங்க. நீங்க என்னதான் பண்றீங்க?”

பம்பரம் பதறிக்கொண்டு முன்னால் வந்தார். “நானா? பெத்த புள்ளைங்க மாதிரி பாக்குறேம்மா! மணிக்கொருதரம் ஒவ்வொண்ணா தூக்கி, நல்லாருக்கியான்னு கேக்குறேன். பாவம், அதுங்களுக்குத்தான் ரொம்ப வேர்க்குது. கையுறையெல்லாம் வெள்ளையா பிசுபிசுன்னு ஆயிடுது. உடனே கழுவிடுவேன்.”

டாக்டரம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்தார். “அது வேர்வை இல்லண்ணே! தங்களைத் திங்க ஏதோ வந்திருக்குன்னு பயந்து விஷத்தை விடுதுங்க. மறுபடி ஊற வாரக்கணக்காகும்!”

ஆக, அறிவியல் இத்தனை நாளும் சாக்கடையில் போய்க்கொண்டிருந்தது.

ஒரு மாதம் தொடக்கூடாதென்று உத்தரவு. தண்ணீரும் பூச்சியும் வைத்தோமா, வந்தோமா என்று இருக்க வேண்டும். பம்பரம் கதவுக்கு வெளியே நடந்து நடந்து தரையைத் தேய்த்தார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, “சாப்ட்டியா?” என்று வாயசைத்தார். வீட்டில் ஈரத்துணியையே மடித்து அடுக்கினார்.

“தேரைங்க தப்பிச்சிடுச்சு, நான் மாட்டிக்கிட்டேன்” என்றாள் மனைவி.

மாதம் முடிந்து டாக்டரம்மா அழுத்தியபோது, கெட்டியாக, வெள்ளையாக இறங்கியது. அடுத்த தேரையும் கொடுத்தது, அதற்கடுத்ததும்.

“இனி இதுங்க எங்கயும் போகாதுண்ணே” என்று சிரித்தபடி மூடிய குப்பியை நீட்டினார். “மாடிக்குக் கொண்டுபோங்க. ஓடாதீங்க!”

வாழ்க்கையில் முதல்முறையாகப் பம்பரம் ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து ஏறினார். பின்னால் படியேறக் காத்திருந்த ஆராய்ச்சிக்கூடத்து ஆட்கள்தான் பொறுமை இழந்து கத்தினார்கள்:

“அண்ணே, கொஞ்சம் சீக்கிரம்!”