முட்டை மாதிரி தூக்கு

திருவொற்றியூரில் அந்த ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்து, எண்ணூர் நெடுஞ்சாலையில் வடக்குப் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். துறைமுகத்துக்குக் காத்திருந்த கன்டெய்னர் லாரிகள் ஓரமாக நின்றன. வெயில் சுள்ளென்று அடித்தது. வலியில் தங்கச்சி மகள் எடுத்த வாந்தி என் சட்டையில் காய்ந்திருந்தது.

அவளுக்கு ஆறு வயது. பிறவியிலேயே எலும்பு பலவீனம். ஓங்கித் தும்மினால் விலா விரிசல் விடும். சில மாதங்களுக்கு ஒரு தடவை குழந்தைகள் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து, எலும்பு கெட்டிப்பட மருந்து ஏற்றுவார்கள். எட்டாவதோடு நின்ற நான் அதற்கு முன் எந்த ஊரிலும் ஒரு வருஷம் தங்கியதில்லை. அவளுக்காகத்தான் தங்கச்சி வீட்டில் தங்கினேன். ராயபுரத்தில் மூட்டை இறக்குவேன். மருந்து ஏற்றும் நாட்களில் வேலைக்குப் போக மாட்டேன்.

கையைப் பிடித்துத் தூக்கக் கூடாது, அக்குளில் கை கொடுக்கக் கூடாது, அடியில் ஒரு கை, முதுகுக்கு ஒரு கை என்று நர்ஸம்மா எனக்கும் தங்கச்சிக்கும் மாப்பிள்ளைக்கும் காட்டிக் கொடுத்தார். முதல் தடவை நான் தூக்கியபோது குழந்தை கத்தினாள்:

"மூட்ட மேரி தூக்காத மாமா, முட்ட மேரி தூக்கு!"

வார்டே சிரித்தது. அதற்குப் பிறகு பஸ்ஸிலும் படியிலும் என் கையில்தான். என் கையில் இருக்கும்போது அவளுக்கு ஒன்றும் ஆனதில்லை.

அன்று காலை மாப்பிள்ளைக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. வாசலை அடைத்து உட்கார்ந்திருந்தவளை, "நவுருடி" என்று ஒரு கையைப் பிடித்து இழுத்துத் தூக்கினார். எலும்பு முறிந்த சத்தம் உள்ளே இருந்த எனக்கும் தங்கச்சிக்கும் கேட்டது.

பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். எக்ஸ்ரேயில் பழைய முறிவுகளைப் பார்த்ததும் சின்ன வயது டாக்டரின் முகம் மாறியது. நோயைச் சொன்னோம்.

"நோய் சரிங்க. இது இழுத்து உடைஞ்சது. யார் இழுத்தது?"

ஆள் அனுப்பிப் போலீஸ்காரரை வரவழைத்தார். மாப்பிள்ளை என்னைக் காட்டினார்.

"என் மச்சான் சார். தண்ணியப் போட்டுட்டு வெளாட்டு காட்னான்."

நான் தங்கச்சியைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்து, "ஆமா சார்" என்றாள்.

போலீஸ்காரர் என் விலாசம் கேட்டார். தங்கச்சி வீடுதான் என்றேன்.

"இனிமே அதுவும் இல்ல. கொழந்த பக்கம் உன்னப் பாத்தேன், உள்ள வச்சிடுவேன். ஓடு."

வராந்தாவில் தங்கச்சி பின்னாலேயே வந்தாள்.

"பேஜாரா பூடும்ணா. அவரு உள்ள போனா வூடு இன்னாவும்? நீ இன்னிக்கி இங்க, நாளிக்கி எங்கியோ. உனுக்கு இன்னா கீது?"

"புள்ளய தூக்கறப்ப..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும், போ" என்றாள்.

முகத்துவாரக்குப்பத்தில் ஒரு படகு ஓரமாகப் படுத்தேன். மறுநாள் காலை காட்டுப்பள்ளியில், கப்பல் அடிப்பாகத்தில் துரு சுரண்டும் வேலைக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"நடுவுல லீவு கெடையாது. வூட்ல நோவு நொடின்னு வந்து நிக்காத" என்றார் மேஸ்திரி.

லீவு கேட்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுச் சுரண்டியை வாங்கிக்கொண்டேன்.