டேப் அக்கா

எங்கள் ஆபீஸில் அவளுக்கு டேப் அக்கா என்றுதான் பேர். சொந்தப் பேர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. பதினோரு வருஷம் நானும் அவளும் பக்கத்துப் பக்கத்து மேஜை. அவளைப் பற்றி நல்லதாக மட்டும் எழுதினால் முதலில் திட்டுகிறவள் அவளாகத்தான் இருப்பாள். அதனால் உள்ளதை எழுதுகிறேன்.

நாங்கள் நர்ஸ்கள். இனிமேல் வைத்தியம் இல்லை என்று டாக்டர்கள் கைவிட்டவர்களை, அவரவர் வீட்டிலேயே வலி தெரியாமல் பார்த்துக்கொண்டு வழியனுப்பி வைப்பது எங்கள் கம்பெனியின் வேலை. நல்ல வேலைதான். ஆரம்ப நாட்களில், துணைக்கு ஆளில்லாத ஒரு பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டு அக்கா ஒரு பகல் முழுக்கச் சோறு தண்ணி இல்லாமல் உட்கார்ந்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

கோளாறு வேறு இடத்தில் இருந்தது. அரசாங்கம் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று கம்பெனிக்குக் கொடுத்தது. சீக்கிரம் போய்ச் சேருகிறவரால் கம்பெனிக்கு என்ன லாபம்? சாகாதவரால்தான் லாபம். அந்தப் பணம் வர, ஆள் ஆறு மாதத்துக்குள் இறந்துவிடுவார் என்று எழுத வேண்டும். ஆறு மாதம் கழிந்தும் ஆள் இருந்தால் மறுபடி அதையே எழுத வேண்டும். அப்படி எழுத, ஆள் தேய்ந்துகொண்டே வருவதாகக் காட்டியாக வேண்டும். அதற்குத்தான் இஞ்ச் டேப். மேல்கையைச் சுற்றி அளப்போம். உடம்பு கரைந்தால் அளவு குறையும்.

சூப்பர்வைசர் அம்மா எங்களை வரிசையாக நிற்க வைத்துச் சொன்னாள். "'அப்படியே இருக்காங்க'ன்னு எவளும் எழுதக்கூடாது. 'சரிவு'ன்னு எழுதுங்க. டேப்பை கொஞ்சம் இழுத்துப் பிடிச்சா உங்க கை ஒண்ணும் ஒடிஞ்சு போயிடாது."

இழுத்துப் பிடித்தோம். நானும்தான். அக்கா வீட்டில் முதுகெலும்பு போய்ப் படுத்துவிட்ட புருஷனும், காலேஜில் படிக்கிற மகளும் இருந்தார்கள். எனக்கும் என் பங்குக்குக் காரணங்கள் இருந்தன. அதைச் சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கே வெட்கமாக இருக்கிறது.

அக்காவிடம் வந்த நோயாளிகளில் ஒருத்தி தையல்கார அம்மா. எழுபத்திரண்டு வயசு. சர்க்கரை, கொஞ்சம் மூச்சிரைப்பு. வாய்க்கு மட்டும் எந்த நோயும் கிடையாது. கம்பெனி ஏஜெண்ட் அவள் மகனிடம், "வீட்டுக்கே நர்ஸ் வருவாங்க, கட்டில் ஓசி, மருந்து ஓசி, ஒரு கையெழுத்துதான்" என்று சொல்லியிருந்தான். அது சாகப்போகிறவர்களுக்கான திட்டம் என்று அவன் சொல்லவில்லை. மகனும் கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிட்டான்.

பதினைந்து நாளைக்கு ஒருமுறை அக்கா அளப்பாள். தையல்கார அம்மாவிடமா டேப் வித்தை பலிக்கும்?

"ஏம்மா இப்படி இறுக்குறே? அளவுன்னா ரெண்டு விரல் உள்ள போகணும்."

"எங்க கம்பெனி அளவு இப்படித்தாம்மா."

"அப்ப உங்க கம்பெனி தச்ச சட்டையை எவனும் மாட்ட முடியாது."

இதைச் சொல்லி ஆபீஸில் எங்களைச் சிரிக்க வைத்தாள் அக்கா. ஆனால் ஒரு அளவுக்கு மேல் டேப் இறுகாது. அதற்கப்புறம் பேனாதான் இறுக்கியது. இரண்டு வருஷத்தில் இருபத்தொன்பது சென்டிமீட்டர் கை காகிதத்தில் பதினேழாகிவிட்டது. அந்தக் கையோ திடமாக, தினமும் மெஷின் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் தையல்கார அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. மகன் ஆஸ்பத்திரியிலிருந்து அக்காவுக்குப் போன் செய்தான். பக்கத்தில் இருந்த எனக்கே அவன் குரல் கேட்டது.

"அக்கா, அம்மாவுக்கு ஆபரேஷன் கிடையாதாம். சாகப்போறவங்க லிஸ்டுல இருக்காங்களாம். வலி மாத்திரை மட்டும்தான் தருவாங்களாம். என்னக்கா இது? கம்பெனி விடுவிச்சாதான் செய்வாங்களாம்."

அக்கா நேராகச் சூப்பர்வைசர் அறைக்குப் போனாள். நானும் பின்னாலேயே போய் வாசலில் நின்றேன்.

"அந்தம்மாவ லிஸ்டுலேர்ந்து எடுத்துடுங்க மேடம்."

"எதுக்கு? இந்த வயசுல இடுப்பு ஒடிஞ்சா எத்தனை நாள் தாங்கும்? இத்தனை நாள் எழுதினோம், இப்பதான் நிஜமாவே சரிவு. பேசாம இரு."

சூப்பர்வைசர் இதைக் கோபமில்லாமல், ஃபைலைப் புரட்டிக்கொண்டே சொன்னாள். அக்கா திரும்பி வந்து கைப்பையை எடுத்தாள். எங்கே போகிறாய் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். "நானும் வர்றேன்" என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டரிடம் போய், "இந்த அளவெல்லாம் நான் எழுதினது. எல்லாம் பொய். இவங்க சாகப்போறவங்க இல்ல" என்றாளாம். அவர் எழுதிக் கொடுக்கச் சொன்னார். அங்கேயே மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கம்பெனி விடுவிக்க வேண்டாம், அந்தச் சீட்டே போதும் என்று டாக்டர் மறுநாள் காலையில் ஆபரேஷன் செய்தார். அன்று சாயங்காலம் அக்காவுக்கு வேலை போனது. அடுத்த மாதம் நர்ஸ் லைசென்சும் போனது. கம்பெனிக்கு விசாரணை வந்தது, வாசலில் பேர் போர்டு மாறியது, வேலை அப்படியே நடக்கிறது. நான் இன்னும் அங்கேதான் இருக்கிறேன்.

ஒரு மாதம் கழித்து தையல்கார அம்மாவைப் பார்க்கப் போனோம். இந்த முறை நானும் கூடப் போனேன். மகன் அதற்குள் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தான். கட்டிலில் படுத்திருந்தவள் எங்களை உட்காரச் சொல்லவில்லை.

"நீ வர்ற அன்னிக்கு எனக்குப் பேச ஒரு ஆள் வருதுன்னு சந்தோசமா இருப்பேன்" என்றாள்.

அக்கா கைப்பையைக் கீழே வைத்தாள்.

"நான் செத்துப்போயிடுவேன்னா எழுதினே?"

"ஆமாம்மா."

"எப்ப?"

"ஆறு மாசத்துல."

"எந்த ஆறு மாசம்?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"எல்லா ஆறு மாசமும்தாம்மா."

தையல்கார அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். திரும்பும்போது வலித்திருக்க வேண்டும், ஒரு முனகல் வந்தது. ஆனாலும் திரும்பிக்கொண்டாள்.