கமலவேணி அக்கா வெளியே உட்கார்ந்த நாள்

அடிவாரத்துக் காரவள்ளியில் மலைக்குப் போகும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தேன். டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர் தயங்கி நின்றார். "ஏனுங்க சார், உங்க காலேஜ் கமலவேணியம்மா காலையில தவறிட்டாங்களாமுங்க" என்றார். இறங்கிவிட்டேன்.

அக்காவை அறிந்த உங்களுக்கு அவருடைய விடுமுறைகள் எங்கே கழிந்தன என்று சொல்ல வேண்டியதில்லை. எங்கள் கல்லூரியில் சமூகப்பணி விரிவுரையாளர், எனக்கு மூத்தவர். மலைமேல் இருக்கும் ஆலத்தூர் நாட்டில் முதியவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள், எந்த வலியோடு காட்டுக்குப் போகிறார்கள், யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று வீடு வீடாக விசாரித்துவந்தார். முதன்முறை நான் உடன் போனபோது, மரவள்ளிக் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்த சடையன் என்ற பெரியவரிடம் நின்றபடியே கேள்வி கேட்கத் தொடங்கினேன். "மொதல்ல கூடச் சேந்து புடுங்குங்க, அப்பறம் கேக்கலாம்" என்று சொல்லிவிட்டு அக்கா குனிந்தார்.

ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன்பு பல்கலைக்கழகம் முதுமை ஆய்வு மையம் தொடங்கியது. உறுப்பினராக முனைவர் பட்டம் வேண்டும், ஆய்விதழ்களில் கட்டுரைகள் வேண்டும், பணியில் இருக்க வேண்டும். எனக்கு இடம் கிடைத்தது. அந்த ஆண்டுதான் ஓய்வு பெற்றிருந்த அக்காவுக்குக் கிடைக்கவில்லை. முதுமையை ஆராயும் இடத்தில் வயதானவர்களுக்கு இடமில்லை!

ஆனால் மலையில் வழிகாட்ட அதே அக்கா வேண்டியிருந்தது. கண்டறிந்ததை அந்த மக்களிடமே சொல்ல வேண்டும் என்று வாக்கு வாங்கிக்கொண்டு, மையத்தாரை ஊர் ஊராக அழைத்துப் போனார். வேலை முடிந்ததும் யாரும் மலையேறவில்லை. முடிவுகளைப் பல்கலைக்கழக அரங்கில் வாசித்தார்கள். அக்கா சடையனையும் இன்னும் இருவரையும் பஸ்ஸில் அழைத்துக்கொண்டு வந்தார்.

வாசலில் மையத்தின் இயக்குநர் மறித்தார். "உறுப்பினர் அல்லாதவர்களுக்கு அனுமதி இல்லை."

"எங்க முழங்கால் வலியப் பத்தித்தானுங்க பேசறீங்க?" என்றார் சடையன். "வலி உள்ள போலாம், நாங்க போகக் கூடாதுங்களா?"

சிரித்துச் சமாளித்த இயக்குநர், அக்கா மட்டும் சிறப்பு விருந்தினராக வரலாம் என்றார்.

"எனக்கு மட்டும் எதுக்குங்க? வயசானது நா ஒருத்திதானா?" அக்கா திரும்பி நடந்தார். நால்வரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்கள். நானும் அரங்கை விட்டு வெளியே வந்து அவர்களோடு உட்கார்ந்தேன்.

உறுப்பினர் விதியை மாற்ற மையத்தின் பொதுக்குழுவில் தீர்மானம் கொண்டுவந்தேன். தரம் கெட்டுவிடும் என்று தோற்கடித்தார்கள். அதைக் கேட்டு அக்கா, "யாரோட தரமுங்க?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு அவர் மையத்தின் பக்கமே போகவில்லை. கண் மருத்துவர் ஒருவரை நச்சரித்து மலைக்கு வரவழைத்தார். சடையன் இன்று கொடியிலிருந்து மிளகைத் தானே பார்த்துப் பறிக்கிறார் என்றால், அது அக்காவால்.

போன வாரம் அதே அரங்கில் இரங்கல் கூட்டம். இயக்குநர் அவரை 'மையத்தின் தூண்' என்றார். என்னால் பொறுக்க முடியவில்லை. எழுந்து, "அந்தத் தூணை வாசலுக்கு வெளியே நிறுத்தியது யார்?" என்று கேட்டேன். இரங்கல் கூட்டத்தில் கோபம் கூடாது என்று சட்டையைப் பிடித்து உட்காரவைத்தார்கள்.

அக்காவிடமிருந்து எனக்கென்று எடுத்துக்கொண்டது அந்தக் கோபத்தைத்தான். அதை ஆறவிட மாட்டேன். அடுத்த பொதுக்குழுவில் தீர்மானம் மறுபடி வரும். அது நிறைவேறும் நாளில் உறுப்பினராக நான் முன்மொழியப்போகும் முதல் பெயர் சடையன்.