மரக்கால் எத்தனை கிலோ

இங்கே சாப்பாட்டுக்கு முன்னால் கண்ணை மூடினால், ஆளுக்குச் சுகமில்லை என்று நினைத்துவிடுகிறார்கள். டொராண்டோவுக்கு வெளியே ஒரு பண்டகசாலையில் பெட்டி அடுக்குகிறேன். ஒரு மதியம் நான் சோற்றுக்கு முன் ஜெபித்துக்கொண்டிருந்தபோது மேற்பார்வையாளர் ஓடிவந்து தோளைத் தொட்டு, "ஆர் யூ ஓகே?" என்றார். விளக்கினேன். வேதாகமவியலில் பட்டம் வாங்கியவன் என்பதையும், அவர் கேட்காமலே, சேர்த்துச் சொன்னேன். அதெல்லாம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்குமே என்றார். கிண்டல் இல்லை, அக்கறையாகத்தான் சொன்னார்.

அந்த இலவசத்துக்குத்தான் அப்பாவின் சேமலாப நிதியும் அக்காவின் சங்கிலியும் போயின. இலங்கையில், நமுனுகுலவில் எங்கள் தேயிலைத் தோட்டத்துச் சபைக்குப் போதகராகத் திரும்புவேன் என்று சொல்லித்தான் விமானம் ஏறினேன். படிப்பு முடிந்ததும் கட்டணப் பாக்கி என்னைப் பண்டகசாலையில் கொண்டுவந்து விட்டது. அதற்குள் அந்த இடத்துக்கு அடுத்த லயத்து வரிசை வீட்டுச் செல்வம் வந்துவிட்டான். பள்ளிக்கூடத்தில் எப்போதும் என்னைவிட மதிப்பெண் குறைவாக வாங்கியவன்.

ஊரில் யாராவது இந்தப் படிப்புக்கு விலை விசாரித்துக்கொண்டிருந்தால் கேளுங்கள், ஒப்பிட்டுச் சொல்கிறேன். செல்வம் படித்தது தபால் வழிப் படிப்பு. பாடங்கள் தோட்டத்து ஆபீசுக்கு வரும். மாதம் ஒரு சனிக்கிழமை பதுளைக்குப் போய் வகுப்பில் உட்காருவான். பஸ் காசும் மதியச் சோறும்தான் பெரிய செலவு. என் பட்டம் கண்ணாடிச் சட்டத்துக்குள் சுவரில் தொங்குகிறது. அவனுக்கு ஒரு சபை இருக்கிறது. பிள்ளைக்குப் பெயர் வைக்கவும் பிணம் எடுக்கவும் அவனைத்தான் கூப்பிடுகிறார்கள். என் அம்மாவே அவனை ஐயா என்கிறார். வயிறு எரிகிறது என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் எரிகிறது.

சனிக்கிழமைதோறும் செல்வம் என்னை அழைப்பான். அங்கே மாலை, இங்கே நான் காலைத் தேநீர் குடிக்கும் நேரம். மறுநாள் பிரசங்கத்துக்குச் சந்தேகம் கேட்பான். நான் விலை கொடுத்துப் படித்ததை அவன் ஞாயிறன்று பேசுவான், பாராட்டும் அவனுக்கே. மூன்று மாதத்துக்கு முன் இப்படிக் கேட்டான்.

"மச்சான், வயல்ல கதிர் பொறுக்கின அந்த விதவைப் பொண்ணு, சாயங்காலம் ஒரு மரக்கால் சேத்துச்சுன்னு வேதத்துல இருக்குல்ல? அது எத்தனை கிலோ? கொழுந்து எடுக்கிற பொம்பளைங்க கேக்கிறாங்க. அன்னைக்கு அதுக்கு முழுப் பேரா, அரைப் பேரா?"

தோட்டத்தில் எடை குறைந்தால் பாதிச் சம்பளம். அதுதான் அரைப் பேர். இங்கே எந்தப் பேராசிரியரும் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. அந்த மரக்காலைப் பற்றி நான் ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறேன். பதில் நாக்கு நுனியில் இருந்தது.

"தெரியலையே மச்சான்" என்றேன். ஒரு ஞாயிறாவது அவன் திணறட்டும் என்று நினைத்தேன்.

அவன் திணறவில்லை. இரண்டு நாள் கழித்து அம்மா அழைத்தார்.

"ஏன் தம்பி, ஐயா கேட்டதுக்கு உனக்குத் தெரியலையாமே? அவ்வளவு செலவழிச்சுப் படிச்ச பிள்ளைக்கே வெளங்கலைன்னு ஐயா சபையில சொன்னாரு. பாவமாப் போச்சு. எல்லாருமா முழங்கால் போட்டு, உனக்கு ஞானம் கேட்டு ஜெபம் பண்ணினோம்."

"எல்லாருமா?"

"ஆமா. இனி வாராவாரம் பண்ணுவோம்."

பண்ணுகிறார்கள். நோயாளிகளுக்குப் பிறகு, பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு முன்னால், செல்வம் என் பெயரை வாசிக்கிறானாம். நான் போதகனாக நிற்க ஆசைப்பட்ட சபையில் எனக்குக் கிடைத்திருக்கும் இடம் அதுதான். பதிலை அன்றே கைபேசியில் எழுதி வைத்தேன்: பதின்மூன்று கிலோ சொச்சம், நம் தோட்டக் கணக்கில் அரைப் பேர். இன்னும் அனுப்பவில்லை. அனுப்பினால், அடுத்த ஞாயிறு என் பெயரை வாசிக்க மாட்டார்கள்.