பெருமாள் படத்துக்கு அடியில் பச்சைக் கோடு

எங்கள் டிரெய்லர் லாரிக்கு இரண்டு முதலாளிகள். ஒருவன் என் மனைவியின் தம்பி, கணக்குப் பார்ப்பவன். இன்னொருவன் நான், ஓட்டுபவன், லோடு இறங்கும்வரை நாவல் படிப்பவன். போன வருடம் மச்சான், இந்த வண்டி டீசலைக் குடிக்கவில்லை, குளிக்கிறது என்று சொல்லி, விற்றுவிடப் புரோக்கரிடம் பேசிவிட்டான். ஆயுத பூஜை முடியட்டும் என்று தவணை வாங்கினேன். விற்றுவிட்டால், ஐம்பதை நெருங்கும் வயதில் நான் யாருடைய வண்டிக்காவது டிரைவராகப் போக வேண்டும். படித்த நாவல்களைக் காட்டினால் வேறு வேலை தருவார்கள் என்று தோன்றவில்லை.

பூஜைக்கு வண்டியைக் கழுவும்போது, வெயிலில் வெளுத்திருந்த பெருமாள் படத்தை மனைவி டேஷ்போர்டிலிருந்து உரித்தாள். வண்டி வாங்கிய அன்று அவள் ஒட்டியது. அடியில் ஆர்பிஎம் மீட்டர் இருந்தது.

“இன்னாபா இது, பச்சையா கோடு போட்டுக்கினு இருக்குது?”

எஞ்சின் சுற்றும் வேகத்தைக் காட்டும் முள் அது, பச்சைக்குள் நின்றால் டீசல் மிச்சம் என்றேன்.

“அப்ப இத்தினி வருஷமா எத்த பாத்து ஓட்டின?”

“சத்தத்த கேட்டு.”

“வூட்ல நான் கத்தறதே உனுக்கு கேக்கல.”

புதுப் படம் கண்ணாடிக்கு மேலே போனது. மன்னிப்பாக ஒரு கற்பூரமும் காட்டினாள். அன்று மாலை, வண்டியோடு வந்த கையேட்டை முதல் தடவையாகப் படித்தேன். கதை சுமார்தான், தகவல் உண்டு.

பூஜைக்குப் பிறகு முதல் லோடு ஓசூருக்கு. மச்சானும் ஏறிக்கொண்டான். டேங்கை விளிம்புவரை நிரப்பிக் கிளம்பினோம். எண்பதில் பறப்பதை விட்டு, டாப் கியரில் அறுபதிலேயே போனேன். மேட்டில் முள் பச்சையை விட்டு இறங்கப் பார்த்தால் ஒரு கியர் குறைத்தேன். காஞ்சிபுரத்தில் கல்யாணப் பட்டெடுத்துத் திரும்பும் வேன்களெல்லாம் எங்களைத் தாண்டின. ஒரு வேனிலிருந்த பெரியவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

ஒரு மேம்பாலத்தின் இறக்கத்தில் மச்சான் பதறினான். “நியூட்ரல்ல வுடு மாமா. டீசல் வீணாவுது.”

கோபுரத்தைக் கண்டால் கன்னத்தில் போட்டுக்கொள்வதுபோல, இறக்கத்தைக் கண்டால் நியூட்ரலில் விடுவது எங்கள் ஊர் டிரைவர்களின் வழக்கம். நானும் அப்படித்தான். ஆனால் இந்த எஞ்சினில், கியரிலேயே விட்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் போவதே நின்றுவிடும். நியூட்ரலில் போட்டால்தான் சும்மா சுற்றுவதற்கு டீசல் கேட்கும். இதைச் சொன்னேன். அவன் நம்பவில்லை.

ஓசூரில் மறுபடி டேங்கை நிரப்பி, போனில் கணக்குப் போட்டான். நம்பாமல் இன்னொரு தடவை போட்டான். லிட்டருக்கு மூன்று கிலோமீட்டர் கொடுத்துவந்த வண்டி மூன்றரை கொடுத்திருந்தது. பிறகு புரோக்கரைக் கூப்பிட்டான்.

“இப்ப வண்டி குடுக்கறதா இல்லபா. பொங்கலுக்கு அப்பால பாக்கலாம்.”

திரும்பும்போது தானே ஓட்டுவதாகச் சொல்லி டிரைவர் சீட்டில் உட்கார்ந்தான். ஆம்பூர் தாண்டும்வரை அவன் கண் அந்த முள்ளை விட்டு நகரவில்லை. சாலையை நான்தான் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது.