நாலு ஃபேனும் லீலாமணி சேச்சியும்

நாடக மேடைகளில் லைட்டும் எஃபெக்டும் போட்டு முப்பது வருடம் தள்ளிவிட்டேன். எங்கள் குடும்பம் கொச்சியில் மட்டாஞ்சேரிக்கு வந்து மூன்று தலைமுறை ஆகிறது. நான் தமிழ் எழுதினால் நடுவில் மலையாளம் எட்டிப் பார்க்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் ரிமோட்டைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். ரிமோட்டில் காற்று விட ஆரம்பித்த முதல் சீசனில் நான் செய்த ஒரு காரியத்தைச் சொன்னால் போதும் என்று நினைக்கிறேன்.

ரிமோட் வந்த நாள்

எங்கள் ட்ரூப் கோயில் உற்சவம், சர்ச் பெருநாள் என்று வண்டி கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகும். அந்த வருட நாடகத்தில் கிளைமாக்ஸ் ஒரு புயல். நான்கு பெடஸ்டல் ஃபேன் வைத்திருந்தேன். அதுவரை மேடையோரப் படுதா மறைவில், சைடு விங்கில், நான்கு ரெகுலேட்டரையும் மடியில் வைத்துக்கொண்டு, வயருக்கு நடுவில் உட்கார்ந்து கையால் திருகிக்கொண்டிருந்தேன். நாடகத்தின் முன்பக்கத்தை ஒருநாள்கூடப் பார்த்ததில்லை.

பிறகு ஒவ்வொரு ஃபேனுக்குள்ளும் ரிலே போர்டு வைத்து, எட்டு பட்டன் ரிமோட் ஒன்று செய்தேன். ஒன்று முதல் நாலு வரை மெதுவான காற்று, ஐந்து முதல் எட்டு வரை நாலு ஃபேனுக்கும் வேகம். ஃபேனை லைட் டிம்மரில் மட்டும் கோக்காதீர்கள். மோட்டார் முனகும், சூடேறும், கடைசியில் புகையும். இன்னொன்று, பட்டனை அழுத்தினால் லைட் உடனே வரும், காற்று வராது. இறக்கை வேகமெடுக்க நாலு எண்ணும் நேரம் வேண்டும். ஆகவே வசனம் முடியும்போது காற்று வேண்டுமென்றால் வசனம் தொடங்கும்போதே அழுத்த வேண்டும்.

ரிமோட் வந்ததும் நான் பெரிய ஆளாகிவிட்டேன். மேடைக்கு எதிரே சவுண்ட்காரர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ரிகர்சல் பார்த்த எங்கள் டைரக்டர் சுகுணன் சாருக்கு ஒரு குறைதான்.

"முருகேசா, எல்லாம் கொள்ளாம், நல்லா இருக்கு. பட்சே அந்த மூணாம் நம்பர் ஃபேன் இருக்கில்லே, அதோட சத்தம் மைக்ல கேறுது. அதை ஒண்ணு ஒதுக்கணும்."

மூன்றாம் நம்பர் கிழடு. வேகம் வைத்தால் தகரம் போல் ஆடும். அது இடது விங்கிலிருந்து எங்கள் மூத்த நடிகை லீலாமணி சேச்சியின் தோள் துணியைப் பறக்கவைக்க மட்டும்தான். புயல் சீனில் அதை மெதுவிலேயே விட்டுவிட்டேன். சேச்சியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு ஃபேனைக் குறைப்பதற்கெல்லாம் நடிகர்களிடம் சொல்ல வேண்டுமா என்ன?

திரும்பாத சேச்சி

லீலாமணி சேச்சிக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. பாலக்காட்டில் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழ்க் குடும்பம். என்னோடு தமிழில்தான் பேசுவார். நாடகத்தில் படகுத்துறையில் சாயாக்கடை நடத்துகிற கல்யாணி. புயலில் ஊரே படகைத் தேடுகிறது. கல்யாணி தண்ணீரைப் பார்த்து, அதாவது கூட்டத்தைப் பார்த்து நிற்கிறாள். பின்னால் மருமகன், பிஜு என்ற பையன் நடித்தான், மெல்ல வந்து சொல்கிறான்: "அம்மா, படகுக் கயிற்றை அவிழ்த்துவிட்டது நான்தான்." உடனே அவள் திரும்ப வேண்டும். திரும்பி, "தெரியும்டா. நீ அவிழ்க்கும்போது நான் பார்த்துக்கிட்டுத்தான் நின்னேன்" என்பாள். எல்லா ஊரிலும் அந்த இடத்தில் கைதட்டல் விழும். நாடகமே அந்தத் திரும்பலில்தான் நிற்கிறது.

ரிமோட் வைத்து ஆடிய முதல் நாள் சேச்சி திரும்பவில்லை. பிஜு இரண்டாம் முறை சொன்னான். அசைவில்லை. அவன் சுற்றி முன்னால் வந்து நின்ற பிறகுதான் சேச்சி வசனத்தைச் சொன்னார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அடுத்த ஊரிலும் இதே கதை.

"சேச்சிக்கு வயசாயி முருகேசா, மறதி வந்தாச்சு. கும்பளங்கியில ஒரு நடிகை இருக்கா. வந்து பாக்கச் சொல்லியிருக்கேன்" என்றார் சுகுணன் சார்.

நானும் ஆமாம் போட்டேன். அதை நினைத்தால் இன்றும் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது. சேச்சிக்கு வேறு வேலை தெரியாது. பதினெட்டு வயதில் மேடை ஏறியவர்.

ஏழாம் நம்பர் பட்டன்

மூன்றாவது ஊரில் ஒரு பெருநாள் மைதானம். புயல் சீன் தொடங்கி பிஜு மழையைப் பற்றி ஏதோ பேசிக்கொண்டிருந்தான். நான் ஆறை அழுத்தப் போய் விரல் நழுவி ஏழாம் பட்டனை அழுத்திவிட்டேன். ஏழு என்றால் மூன்றாம் நம்பர் கிழட்டு ஃபேனுக்கு முழு வேகம். தடதடவென்று காற்று போய் சேச்சியின் தோளில் விழுந்தது.

சேச்சி சட்டென்று திரும்பி, "தெரியும்டா. நீ அவிழ்க்கும்போது நான் பார்த்துக்கிட்டுத்தான் நின்னேன்" என்றார்.

பிஜு இன்னும் கயிற்றின் பேச்சையே எடுக்கவில்லை. பாவம், எதையோ உளறிச் சமாளித்தான். சார் விங்கில் தலையில் கைவைத்துக்கொண்டார். நான் மட்டும் என் கட்டை விரலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பழைய நாட்களில் பிஜு அந்த வசனத்தைத் தொடங்கும்போதெல்லாம் நான் மூன்றாம் நம்பரைத் திருகி ஏற்றுவேன். சேச்சி பிஜுவின் குரலுக்குத் திரும்பியதே இல்லை, என் காற்றுக்குத்தான் திரும்பிக்கொண்டிருந்தார்.

மறுநாள் ரிகர்சல் நடக்கும் பழைய மிளகு கோடவுனுக்கு எதிரே, சாயாக் கடையில் சேச்சி முன்னால் போய் உட்கார்ந்தேன்.

"சேச்சி, நேத்து அந்த ஃபேனை நான் தப்பா அமுக்கினேன். நீங்க திரும்பிட்டீங்க."

சேச்சி கிளாஸைக் கீழே வைத்தார். "ஆருகிட்டச் சொன்னே?"

"ஒருத்தருட்டயும் சொல்லலை."

"வலது காது சுத்தமாப் போச்சு முருகேசா. இடதுல சத்தம் வருது, வார்த்தை பிரியறதில்ல. ஆளு முன்னாடி நின்னாப் போதும், வாயைப் பாத்துப் பிடிச்சுக்குவேன். மெஷின் வெச்சுப் பாத்தேன். ஸ்பீக்கர் பக்கம் போனா கூவுது." கொஞ்சம் நிறுத்தினார். "அந்த ஒரு எடத்துல மட்டும் உன்ற காத்து இருந்துச்சு. அதை நீ எடுத்துட்டே."

திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"சார்ட்ட மட்டும் சொல்லாதே. காது கேக்காதவளை வெச்சு ஆரு நாடகம் போடுவா?"

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அன்றே கிழட்டு ஃபேனில் தண்டைப் பிடிக்கும் தேய்ந்த புஷ்ஷை மாற்றி ஆட்டத்தை நிறுத்தினேன். சத்தம் போய்விட்டது, சார் வாயையும் அடைத்தாயிற்று. சேச்சிக்கு ஆள் முகம் தெரியாத இடங்கள் மொத்தம் ஐந்து; மற்ற நாலை அதுவரை குத்துமதிப்பாகத்தான் ஓட்டியிருந்தார். ஐந்துக்கும் காற்று வைத்தோம். ஒரு மாதம் தவறே இல்லை. சார் கும்பளங்கி நடிகையைப் பிறகு வரச் சொல்லிவிட்டார், வேண்டாம் என்று சொல்லவில்லை.

நிஜக் காற்று

அப்புறம் எங்கள் ஊரிலேயே ஆட்டம் வந்தது. கோடவுன்களுக்குப் பின்னால் காயலோரத்து மைதானம். துலாமாத மழை, அதாவது நம் ஐப்பசி மழை, வருகிற சாயங்காலம். புயல் சீனுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது காயலிலிருந்து நிஜக் காற்று கிளம்பியது. படுதா உப்பியது. கூட்டத்துக்கு ஒரே குஷி, எஃபெக்ட் பிரமாதம் என்றார்கள். நாலு பக்கமும் காற்று அடிக்கும்போது என் காற்று எது என்று சேச்சிக்கு எப்படித் தெரியும்? இன்று தவறினால் கும்பளங்கிக்காரிதான்.

ரிமோட்டைச் சவுண்ட்காரர் கையில் கொடுத்துவிட்டு ஓடினேன். மேடை என்பது பெஞ்சுகளின் மேல் போட்ட பலகைதானே. பின்பக்கமாக அடியில் நுழைந்து, சேறும் பல்லி எச்சமுமாகத் தவழ்ந்து, சேச்சி நிற்கும் பலகைக்கு நேர்கீழே போய்ப் படுத்துக்கொண்டேன். இடுக்கில் சேச்சியின் குதிகால் தெரிந்தது. காற்று அவரைக் குழப்புகிறது என்பதும் தெரிந்தது. ஒரு கால் திரும்பப் போகும், நின்றுவிடும்.

பிஜு சொன்னான். நான் இரண்டு முஷ்டியாலும் பலகையில் ஓங்கிக் குத்தினேன். இது நாங்கள் பேசி வைத்ததல்ல, புரியுமோ புரியாதோ என்றுதான் குத்தினேன்.

குதிகால் திரும்பியது. "தெரியும்டா" என்ற குரல் கேட்டது. கைதட்டலில் எனக்கு மேல் பலகையெல்லாம் அதிர்ந்தது. அதே நேரம் யாரோ என் காலைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். சுகுணன் சார்.

"எந்தா இது? எந்தா பண்றே அடியில?"

நான் சேற்றைத் துடைத்துக்கொண்டு லைட் பக்கம் நழுவினேன். ஆட்டம் முடிந்து வண்டியில் சாமான் ஏற்றும்போது சார் மறுபடி என்னைப் பிடித்துக்கொண்டார். பிஜுவும் மற்றவர்களும் நின்று பார்த்தார்கள். சேச்சி மேக்கப் கலைக்காமல் வந்து குறுக்கே நின்றார்.

"அவனைத் திட்டாதீங்க சார். எனக்குக் காது கேக்கறதில்ல. ஒரு வருஷமாச்சு. இவனோட காத்தைப் பிடிச்சுத்தான் வண்டி ஓட்டிட்டு இருந்தேன்."

சார் அப்படியே திரும்பி வண்டியைப் பார்த்து நின்றார். திரும்பாமலே ஏதோ சொன்னார். எங்களுக்கெல்லாம் கேட்டது. சேச்சிக்குக் கேட்கவில்லை.

பிறகு சேச்சி, கெஞ்சாமல், சாதாரணமாகச் சொன்னார்: "சார், முகத்தைக் காட்டிச் சொல்லுங்க."

சார் திரும்பினார். சேச்சிக்கு நேரே வந்து, ஒவ்வொரு வார்த்தையாக மறுபடி சொன்னார்.

"நாளைக்கு நாலு மணிக்கு வண்டி. லேட்டாக்கக் கூடாது."

அடுத்த ரிகர்சலில் பிஜுவின் இடத்தை மாற்றினார். இப்போது அவன் சேச்சிக்கு முன்னால் வந்து முகம் பார்த்துச் சொல்வான். சேச்சி அந்த நாடகத்தை இன்னும் இரண்டு சீசன் ஆடினார்.

ரிமோட் நல்லது, வையுங்கள். தூரத்தில் உட்கார்ந்து முன்பக்கத்தையும் பாருங்கள். ஆனால் ஒரு ஃபேனை ஏற்றவோ இறக்கவோ போகும்போது, முதலில் மேடைக்குப் போய், அந்தக் காற்று யார் மேல் படுகிறதோ அவரிடம் கேட்டுவிட்டு வாருங்கள். ஒரு நிமிட வேலைதான். அந்த ஒரு நிமிடம் நான் போகாததால் சேச்சியின் நாற்பது வருட வேலை போக இருந்தது.