ஒரு கன்டெய்னருக்கு ஒரு படி அரிசி

போன வாரம் வரதய்யபாளையத்தில் காலை டிபன். ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டை பஸ்ஸுக்குக் காத்திருந்த கம்பெனி ஆட்கள் நின்றபடியே இட்லியை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார்கள். கடைக்கார அம்மாள் பெயர் அம்சா. சட்னி ஊற்றிக்கொண்டே ஒருவரிடம் கேட்டார்.

"நாளைக்கு எத்தினி கன்டெய்னர்?"

"ஆறுக்கா."

எனக்குப் புரையேறிவிட்டது. இட்லிக் கடைக்கும் கன்டெய்னருக்கும் என்ன சம்பந்தம்?

விசாரித்தேன். வெளிநாட்டுக்குக் கன்டெய்னர் நிறையக் கிளம்பினால் ஓவர்டைம். ஓவர்டைம் என்றால் கூடுதல் ஆட்கள், கூடுதல் பசி. அதனால் ஒரு கன்டெய்னருக்கு ஒரு படி அரிசி... மத்தியானமே ஊறப்போட்டுவிடுவாராம். ஏற்றுமதி வளர்ந்தால் ஊர் வளரும் என்று நானும் இந்தப் பக்கத்தில் எழுதியவன்தான். ஆனால் எந்தப் பாத்திரத்தில் வளரும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சரி, கன்டெய்னரே கிளம்பாவிட்டால்?

அதுவும் நடந்திருக்கிறது. சரக்கு வாங்குகிற நாடு திடீரென்று வரியை ஏற்றிவிட்டது. அம்சா கேட்கும்போதெல்லாம் கம்பெனி ஆட்கள் "ஏமீ லேதக்கா", ஒன்றுமே இல்லை அக்கா என்று கையைக் கழுவிக்கொண்டு போனார்களாம். அப்போதுதான் மாவரைக்க ராணி என்பவரைப் புதிதாகச் சேர்த்திருந்தார். கணவர் இல்லாதவர். மகளின் நர்சிங் படிப்பு இந்த வேலையை நம்பித்தான் ஓடுகிறது. ராணியை நிறுத்திவிடு என்று வீட்டில் எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன், வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

அம்சா நிறுத்தவில்லை. மறுநாளும் வழக்கம்போல ஆறு படி ஊறப்போட்டார். மிஞ்சிய மாவைப் பாக்கெட் போட்டு, ராணியும் அவருமாகத் தெருத்தெருவாக எடுத்துப் போனார்கள். முதல் நாள் பாதி திரும்பி வந்தது. இரண்டாம் நாளும் அப்படியே. பத்தாம் நாள்... மாவு போதவில்லை.

"ஒரே வாசல நம்பிக்கினு குந்திக்கினு இருந்தா ஆவுமா சார்?" என்றார்.

சந்தையைப் பரவலாக்க வேண்டும் என்று வல்லுநர்கள் ஏசி ஹாலில் மாநாடு போட்டுச் சொல்வது இதைத்தானே? எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

இப்போது கன்டெய்னர்கள் மறுபடி ஓடுகின்றன. பாக்கெட் மாவும் நிற்கவில்லை. ராணிக்குத் துணையாக இன்னொரு பெண்ணும் வேலைக்கு வந்துவிட்டார்.

கிளம்பும்போது கேட்டேன் — வரியை ஏற்றின அந்த நாட்டின் மேல் கோபமே இல்லையா?

அம்சா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு ஒரு மாவுப் பாக்கெட்டைக் கையில் எடுத்தார்.

"கோவம் இன்னாத்துக்கு சார்... அங்க இட்லி துன்னுவாங்களா?"